“நின்னா உண்மை சொல்லுது, ஓடினா பொய் சொல்லுது!” - அப்பாவின் வள்ளமும் ஒரு மீன் காட்டும் மிஷினும்

“மக்களே, உங்க அண்ணன் வாங்கித் தந்த மிஷினு பொய் சொல்லுது. கழட்டி அலமாரியில வச்சிரட்டா?”

மார்ச் மாதத்தில் ஓர் இரவு அப்பா போன் செய்து இப்படிக் கேட்டார். நான் சென்னை அலுவலகத்தில் இரவு ஷிஃப்டில் இருந்தேன். பெட்ரோல் விலைச் செய்திக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்ததால், “ஈஸ்டருக்கு வரும்போது பார்க்கிறேன்ப்பா” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பத்து நிமிடத்தில் அம்மா அழைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். “அந்த மிஷினை எப்படியாவது சரியாக்கித் தா. அவரு மூணு மாசமா பாரு கிடைக்காம சுத்திட்டு வராரு. மண்ணெண்ணெய் காசுகூட வரல. யாருட்டயும் சொல்லமாட்டாரு.”

அப்பாவுக்குப் பார் கிடைக்கவில்லையா? என்னால் நம்ப முடியவில்லை.

கணிச்சம் தெரிந்த மனிதர்

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், முட்டத்துக்குக் கிழக்கே இருக்கும் ஒரு சின்னக் கடற்கரை. துறைமுகம் கிடையாது. வள்ளம் அலையோடு வந்து மணலில் ஏறும். பிறகு கரையில் நிற்பவர்கள் எல்லோரும் சேர்ந்து மேலே இழுத்து வைப்பார்கள்.

அப்பா கட்டுமரத்தில் ஆரம்பித்தவர். இப்போது பைபர் வள்ளத்தில், 9.9 குதிரைத்திறன் மோட்டார் மாட்டி, தூண்டில் தொழில் செய்கிறார். கூடப் போவது என் மாமா, அம்மாவின் தம்பி. தூண்டில் தொழிலுக்குப் பார்தான் எல்லாம். கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டைத்தான் பார் என்போம். கலவாவும் விளமீனும் பாறையும் அங்கேதான் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்.

அந்தப் பாரைக் கண்டுபிடிக்க எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் கணக்குக்குப் பெயர் கணிச்சம். கடலில் இருந்து கரையைப் பார்ப்பார்கள். ஒரு கோயில் கோபுரமும் பின்னால் இருக்கும் ஒரு மலையும் நேர்க்கோட்டில் வர வேண்டும். வேறொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்கள் அதேபோல் நேராக வர வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார். அப்பாவின் மனதில் இப்படி எத்தனையோ பார்கள் இருக்கின்றன. எந்தக் கோபுரம், எந்த மலை என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. “கணிச்சத்த மட்டும் எழுதிராத” என்று அப்பா ஏற்கெனவே எச்சரித்துவிட்டார்.

அதே காரணத்துக்காகத்தான் ஜி.பி.எஸ்-ஸும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. “பெட்டியில பாரைப் போட்டா ஊருக்கே தெரிஞ்சிரும்” என்பார். வளைகுடாவில் மீன்பிடி வேலை பார்க்கும் அண்ணன் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, சின்னதாக ஒரு ஃபிஷ் ஃபைண்டர் வாங்கி வந்தான். அதற்கு இடத்தைப் பதிந்து வைக்கத் தெரியாது. அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் காட்டும். அதனால் அப்பா ஒப்புக்கொண்டார்.

மிஷின் என்ன செய்கிறது?

ஈஸ்டருக்கு நான்கு நாள் முன்பே ஊருக்குப் போய்விட்டேன். ரயிலில் வரும்போதே அந்தக் கருவியின் கையேட்டைப் போனில் படித்து முடித்திருந்தேன். டிப்ளமோ படிக்கும்போதுகூட எதையும் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

ஃபிஷ் ஃபைண்டரில் இரண்டு பாகங்கள். ஒன்று, முன்னால் வைத்துப் பார்க்கும் திரை. இன்னொன்று, தண்ணீரைத் தொட்டபடி இருக்கும் டிரான்ஸ்டியூசர். எங்கள் ஊரில் அதைச் ‘சென்சார்’ என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கறுப்புக் கட்டிதான் நம் காதுக்குக் கேட்காத ஓர் ஒலியைக் கீழே அனுப்புகிறது. தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வாங்குவதும் அதுதான். கடல் தண்ணீரில் ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 30 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப, ஒரு வினாடியில் 25-ல் ஒரு பங்கு நேரம் போதும். அந்த நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறது. சேறு என்றால் எதிரொலி மெலிசு. பாறை என்றால் தடித்த கோடு.

மீன் எப்படித் தெரிகிறது? பல மீன்களின் வயிற்றுக்குள் காற்று நிரம்பிய ஒரு பை இருக்கும். ஒலி அந்தக் காற்றில் பட்டுத்தான் பலமாகத் திரும்புகிறது. நெய்மீனுக்கு அந்தப் பை கிடையாது. அதனால் நெய்மீன் திரையில் மங்கலாகத்தான் விழும். இதைச் சொன்னதும் மாமா, “அதான் நெய்மீனுக்கு அம்புட்டு விலை” என்றார்.

இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. டிரான்ஸ்டியூசருக்குக் கீழே காற்றுக் குமிழி வந்துவிட்டால், ஒலி அதிலேயே முட்டி நின்றுவிடும். கீழே இருப்பது எதுவும் தெரியாது. எனவே இந்தக் கருவி எவ்வளவு விலை என்பதைவிட, அந்தக் கட்டியை வள்ளத்தில் எங்கே பொருத்துகிறோம் என்பது முக்கியம்.

“நின்னா உண்மை சொல்லுது”

பெரிய வெள்ளிக்கு ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. மறுநாள் சனிக்கிழமை காலை, வள்ளம் மணலில் கிடந்தது. அப்பாவிடம் கேட்டேன். “என்ன பொய் சொல்லுது? எப்ப சொல்லுது?”

“மோட்டாரை நிறுத்திப் போட்டா சரியா காட்டுது. மெதுவா போனாலும் பரவால்ல. கொஞ்சம் வேகம் எடுத்தா திரை பூரா மழை பெய்யுத மாதிரி கோடு. அப்புறம் ஆழமே காட்டாது. நின்னா உண்மை சொல்லுது, ஓடினா பொய் சொல்லுது.”

பாதி நோய் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது. வள்ளம் நிற்கும்போது மோட்டாரை மட்டும் ஸ்டார்ட் செய்தாலே கோடுகள் வந்தால், அது மின்சாரக் கோளாறு. மோட்டார் வயரோடு சென்சார் வயரைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். வள்ளம் ஓடும்போது மட்டும் வந்தால், சென்சாருக்குக் கீழே நுரை ஓடுகிறது என்று அர்த்தம்.

குனிந்து பார்த்தேன். பொருத்திக் கொடுத்தவர் மோட்டாருக்கு இடது பக்கம், புரொப்பல்லரில் இருந்து ஒரு சாண் தூரத்தில் மாட்டியிருந்தார். கையேடு குறைந்தது 38 சென்டிமீட்டர் தள்ளச் சொல்கிறது. அடிப்பகுதியில் நீளமாக ஓடும் ஒரு வரிக்கு நேர் பின்னாலேயே மாட்டியிருந்தார். அந்த வரியை உரசி வரும் தண்ணீர் நுரைத்தபடிதான் பின்னால் வரும். எங்கள் மோட்டாரின் புரொப்பல்லர், பின்னால் நின்று பார்த்தால் கடிகார முள் போலச் சுற்றுவது. அப்படியானால் வலது பக்கத்தில் இலைகள் கீழே இறங்கும். இடது பக்கத்தில் அவை மேலே ஏறும்போது நுரையையும் கூட்டிக்கொண்டு வரும். ஒற்றை மோட்டார் படகில் வலது பக்கம் மாட்டச் சொல்வது இதற்காகத்தான்.

போதாக்குறைக்கு, முதல் வாரமே கரையேறும்போது மணலில் இடித்து, அதைத் தாங்கும் பிராக்கெட் வளைந்திருந்தது. மாமா அதைக் கையால் நிமிர்த்தியிருக்கிறார். கட்டியின் முகம் நேராகக் கீழே பார்க்காமல் பின்பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்த காது சாய்ந்துதான் கேட்கும்.

“சரி, வலது பக்கம் மாத்திரலாம்” என்றேன்.

அப்பா சிரித்தார். “இந்தப் புஸ்தகம் எழுதினவன் வள்ளத்தை மண்ணுல ஏத்துவானா மக்களே?”

நான்கு இடங்கள்

அவர் கேட்டது நியாயம்தான். கையேடு பெரும்பாலும் ஜெட்டியில் கட்டி நிற்கும் படகுகளை நினைத்து எழுதப்பட்டது. பின்பலகையில், எந்தப் பக்கம் மாட்டினாலும், அடியோடு அடியாக இறங்கி நிற்கும் கட்டி எங்கள் கரையில் ஒரு மாதம் தாங்காது. நான்கு வழிகளையும் ஒவ்வொன்றாகப் பேசினோம்.

பின்பலகை வேண்டாம் என்றால், அடியில் ஓட்டை போட்டுப் பொருத்துவது இரண்டாவது வழி. ஒலி நன்றாகப் போகும். பெரிய விசைப்படகுகளுக்குச் சரி. “வள்ளத்துக்கு அடியில நானே ஓட்டை போடவா?” என்று அப்பா கேட்டதோடு அது முடிந்தது.

மூன்றாவது, ஒரு குழாயின் நுனியில் மாட்டிப் பக்கவாட்டில் கட்டிவிடுவது. பார் வந்ததும் இறக்கலாம், கரைக்கு வரும்போது தூக்கலாம். செலவும் குறைவு. ஆனால் ஓடும்போது பார்க்க முடியாது. தூண்டில் கயிறும் அதில் போய்ச் சிக்கும்.

நான்காவது, வள்ளத்துக்கு உள்ளேயே ஒட்டிவிடுவது. ஒலி பைபர் தகட்டைத் தாண்டிப் போகும். மணல் இடிக்காது, தூண்டில் சிக்காது. ஆனால் கொஞ்சம் பலம் குறையும். தண்ணீரின் வெப்பம் காட்டாது. எல்லா சென்சாரும் இதற்கு ஒத்துவராது. எங்களுடையது சாதாரண வகை என்பதால் ஒத்துவரும். முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. ஒட்டும் இடத்தில் பைபர் கெட்டியாக இருக்க வேண்டும். நடுவில் மரமோ, மிதப்பதற்காக வைக்கும் ஃபோமோ இருந்தால், அதில் உள்ள காற்று ஒலியைத் தின்றுவிடும்.

அப்பா உள்ளே ஏறி, தேங்காய் முற்றியதா என்று பார்ப்பதுபோல் விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போனார். ‘டொப் டொப்’ என்று கேட்ட இடமெல்லாம் ஃபோம். ‘டக் டக்’ என்ற இடங்களில் மாமா சாக்பீஸால் வட்டம் போட்டார். மொத்தம் மூன்று வட்டங்கள். ஒன்று அணியத்துக்குப் பக்கம். ஒன்று நடுவிலிருந்து பின்னால் தள்ளி, வலது பக்கம். இன்னொன்று மோட்டாருக்குக் கொஞ்சம் முன்னால்.

இதில் எது? ஓடும்போது எந்த இடத்துக்கு அடியில் நுரை இல்லாத தண்ணீர் இருக்கும்? கையேட்டைப் புரட்டினேன். எந்த வேகத்திலும் தண்ணீரை விட்டு மேலே எழும்பாத இடமாக இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறது. எங்கள் வள்ளத்தில் அது எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

அப்பா இரண்டாவது வட்டத்தைக் காலால் தொட்டுக் காட்டினார். “இதுதான்.”

“எப்படிப்பா சொல்றீங்க?”

“ராத்திரி தொழிலுக்குப் போனா நானும் உங்க மாமாவும் மாறி மாறித் தூங்குவோம். வள்ளம் ஓடிட்டே இருக்கும். அணியத்துல தலைவச்சா அலை அறையும். பின்னால வச்சா மோட்டார் இரையும், தண்ணி கொதிக்கும். இங்க வச்சாதான் தூக்கம் வரும். அடியில தண்ணி ‘ஸ்ஸ்’னு ஒரே சீரா போகும். இருபது வருஷமா ஒவ்வொரு வள்ளத்துலயும் இந்தப் பக்கம்தான் தலைவைப்பேன்.”

நான் கையேட்டை மூடிவிட்டேன்.

ஒரு பாலிதீன் பையும் பதினெட்டு பாகமும்

ஒட்டிவிட்டால் கழற்ற முடியாது. அதனால் முதலில் ஒரு சோதனை. ஒரு கனமான பாலிதீன் பையில் தண்ணீர் ஊற்றி, சென்சாரை உள்ளே போட்டு, பையை வள்ளத்தின் உள்தரையில் அழுத்தி வைக்க வேண்டும். தண்ணீர் நடுவில் இருப்பதால் காற்று இடைவெளி இருக்காது. ஒட்டினால் எப்படித் தெரியுமோ ஏறக்குறைய அப்படித் தெரியும்.

திங்கள்கிழமை விடியற்காலை போனோம். பல வருடம் கழித்துக் கடலுக்குப் போகிறேன். அலை தாண்டியதுமே இரண்டு முறை வாந்தி. மாமா என்னைப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

நங்கூரம் போட்டு, முதலில் சென்சாரை வள்ளத்துக்கு வெளியே தண்ணீரில் பிடித்தோம். 31.2 மீட்டர். பிறகு பைக்குள். அதே 31.2. கோடு மட்டும் ஒரு சுற்று மெலிந்திருந்தது. அப்பாவுக்குத் திருப்தி இல்லை. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, இரண்டு கையையும் விரித்து விரித்து எண்ணினார். “பதினெட்டு பாகம்.”

நான் போனில் கணக்குப் போட்டேன். ஒரு பாகம் ஆறடி என்றால் 32.9 மீட்டர் வருகிறது. “ஒண்ணரை மீட்டருக்கு மேல இடிக்குதேப்பா?”

“அது வெள்ளக்காரன் கை. என் கை குட்டை” என்றார்.

பிறகு வேகமாக ஓட்டிப் பார்த்தோம். முதல் வட்டத்தில் வைத்தால் அலையில் மூக்கு தூக்கும்போதெல்லாம் படம் அறுந்தது. மூன்றாவதில் ஒரே மழை. அப்பா தலைவைக்கும் இடத்தில் வைத்தபோது, முழு வேகத்திலும் தரை ஒரே கோடாக வந்தது.

அன்று மாலையே ஒட்டிவிட்டோம். உள்ளே இருந்த பெயின்ட்டைத் தேய்த்து எடுத்து, ஈரம் போகத் துடைத்து, இரண்டு டியூப் எபாக்ஸியைக் குமிழி வராமல் மெதுவாகக் கலக்கி, சென்சாரை லேசாகத் திருகி அழுத்தி, அடியில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். ஒரு நாள் முழுக்க யாரும் தொடவில்லை. வயரை மோட்டார் வயரில் இருந்து தனியாகப் பிரித்து எதிர்ப்பக்கமாகக் கொண்டுவந்தோம். மீதி வயரை வெட்டாமல் சுருட்டிக் கட்டினோம். வெட்டி ஒட்டினால் சிக்னல் கெடும். பின்பலகையில் இருந்த பழைய ஸ்க்ரூ ஓட்டைகளையும் அடைத்தோம். அதற்குள் மரம் இருக்கிறது. தண்ணீர் இறங்கினால் உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும்.

“கோயில் தெரியுதா?”

புதன்கிழமைதான் உண்மையான பரீட்சை. அப்பா தனக்கு மிகப் பிடித்த ஒரு பாருக்கு வள்ளத்தை விட்டார். சின்ன வயதில் அந்தப் பாரின் பெயரைச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் நல்ல மீன் குழம்பு வரும்.

ஓரிடத்தில் மோட்டாரைக் குறைத்தார். கரையைப் பார்த்தார். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். பிறகு மாமாவிடம், மிகச் சாதாரணமாகக் கேட்பதுபோல், “கோயில் தெரியுதா?” என்றார்.

எனக்குத் தெரிந்தது. வெள்ளைக் கோபுரம், பளிச்சென்று.

“தெரியுது மச்சான். மலைக்குக் கொஞ்சம் கிழக்க நிக்கி.”

“அப்ப இங்கதான்.”

திரையைப் பார்த்தேன். 42 மீட்டர். தட்டையான, மெலிந்த கோடு. சேறு. நான் வாயைத் திறக்கவில்லை. மாமாவும் திறக்கவில்லை. அப்பாவும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றும் சொல்லாமல் வள்ளத்தை மெதுவாகக் கிழக்கே திருப்பினார். ஐந்து நிமிடம் இருக்கும். கோடு தடிக்க ஆரம்பித்தது. 40, 38, 36. சுவர் எழும்புவதுபோல் பார் எழும்பியது. அதற்கு மேலே சின்னச் சின்ன வளைவுகள்.

“நங்கூரம் போடுல” என்று மாமாவிடம் சொன்னார். குரல் கரகரத்தது.

அன்று கலவா கிடைத்தது, விளமீன் கிடைத்தது. பெரிய பாடு என்று சொல்ல முடியாது. மண்ணெண்ணெய் போக வீட்டுக்கும் கொஞ்சம் மிஞ்சியது. திரும்பும்போது அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார். “கோயிலுக்கு வெள்ளையடிச்சு ரொம்ப நாளாச்சு. அதான் தெளிவா தெரிய மாட்டேங்குது.”

போன திருவிழாவுக்குத்தான் வெள்ளையடித்தார்கள். அதற்கு வரி கொடுத்ததே அப்பாதான்.

மூன்று மாதமாக அவர் பாரைத் தவறவிட்டதற்குக் கணிச்சம் மறந்தது காரணமில்லை. கோபுரம் கண்ணுக்குத் தெரியவில்லை. கடலில் கண் தெரியவில்லை என்று ஒருவர் எப்படிச் சொல்வார்? அதுவும் தன்னோடு வரும் மச்சானிடம்? மிஷின் பொய் சொல்கிறது என்று சொல்வது சுலபம். நான் மட்டும் என்ன, அப்பா போன் செய்தபோது பெட்ரோல் விலைதானே எனக்குப் பெரிதாக இருந்தது. அண்ணன் கிறிஸ்துமஸுக்கு வந்த பத்தே நாளில் இதைக் கவனித்திருக்கிறான். அன்றிரவு வாட்ஸ்அப் காலில் கேட்டபோது, “நேரா டாக்டர்னு சொன்னா வருவாரால? அதான் மிஷின் வாங்கினேன்” என்றான்.

மறுநாள் காலை, நான் கிளம்புவதற்கு முன், டீ குடித்துக்கொண்டே சொன்னேன். “அப்பா, சென்சாருக்கு முன்னால நுரை வந்தா அதுக்குத் தெரியாதுல்ல. அதுமாதிரிதான் கண்ணுல புரையும். எடுத்துட்டா தெரியும்.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “எவ்வளவு நாள் கடலுக்குப் போகக்கூடாதும்பான்?” என்று மட்டும் கேட்டார்.

போன வாரம் வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் அப்பா இப்போது கரையில் உட்கார்ந்து, போகிற வருகிற வள்ளத்துக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் தங்கள் சென்சாரை எங்கே வைப்பது என்று கேட்டு வந்தார்களாம். “ராத்திரி எங்கல தலைவச்சுப் படுப்ப?” என்று அவர்களிடம் திருப்பிக் கேட்டிருக்கிறார்.

நேற்று போனில் கேட்டேன். “கண்ணு சரியானதும் மிஷினை அலமாரியில வச்சிரலாமாப்பா?”

“அது எங்க வரும், ஒட்டியாச்சே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இருக்கட்டும் மக்களே. நான் கோயிலப் பாத்துக்கிடுதேன், அது அடியப் பாக்கட்டும். ஆனா ஒண்ணு... அங்க கட்டியை ஒட்டியாச்சு. இனி நான் எங்க தலைவைக்க?”